கட்டிலுக்கு அடியில் இருந்த வார்த்தை

தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்து, மில்லில் கல் இடிக்கிற சத்தத்திலேயே தூங்கிப் பழகி, இன்று பக்கத்தில் நின்று கத்தினால்தான் காதில் விழுகிற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் கண் தெரிகிறவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் வீட்டில் யாராவது ஒருத்தி என்னிடம் அடி வாங்கியிருப்பாள். அந்த மரியாதையில் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கைகூப்புகிறீர்கள், முன்னால் போகச் சொல்லி வழிவிடுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசும். கிழவிக்கு அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கம் இல்லை, வெட்கம். எதற்கென்று என் தாயாரிடம்கூட நான் சொன்னதில்லை.

என் இங்கிலீஷ் மிஷன் பள்ளிக்கூடத்தில் வந்தது என்று சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதி வந்தது சுவர்களிலிருந்து.

அப்போது எனக்குப் பத்து வயது. சுரங்கத்துக்கு மின்சார விளக்கு வருவதற்கு முந்தின காலம். அப்பா தொப்பியின் முன்பக்கம் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் ஒரு மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டுதான் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார். ஷிப்டு முடிந்து வந்தால் அவர் மேல் உருகின மெழுகு வாடையும் ஈரக்கல் வாடையும் அடிக்கும். நாங்கள் இருந்தது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னி மண் பூசிய சுவர், மேலே தகரம், குனிந்து நுழைகிற வாசல். அந்த ஊரில் மரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீமையிலிருந்து சாமான் வருகிற பெட்டிகளை உடைத்து, கிடங்குக்குப் பின்னால் பலகைகளைப் போடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். எங்களுக்குக் கதவு, பரண், பானைமூடி எல்லாம் அந்தப் பலகைதான். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள் அச்சடித்திருக்கும்.

எங்கள் கதவில் இருந்தது ‘கேண்டில்ஸ்’. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டார். அதனால் என் முதல் இங்கிலீஷ் வார்த்தையைக் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் படித்தேன். இன்றும் அந்த வார்த்தையை எங்கே கண்டாலும் தலை தானாக ஒரு பக்கம் சாயும். பரண்பலகையில் ‘கிளாஸ்கோ’, பானைமூடியில் ‘பிஸ்கட்ஸ்’. ஆக எங்கள் வீட்டில் மூன்று வார்த்தைகள். அந்த வரிசையில் நாங்கள் பணக்காரர்கள் என்றே சொல்லலாம்.

லைன் பிள்ளைகளான எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டுப் பலகையில் இருக்கிற வார்த்தை அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொந்தம். “அது எங்க வூட்டு வார்த்த” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வேறு பிள்ளை அதைச் சொல்ல வேண்டுமானால் கேட்க வேண்டும், பதிலுக்கு அவர்கள் வீட்டு வார்த்தை ஒன்றைக் கொடுக்க வேண்டும். கேட்காமல் எடுத்துச் சொன்னால் வார்த்தைத் திருடி என்று பெயர் வைத்து ஒரு வாரம் ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். அர்த்தம் தெரிந்துதான் சண்டை போட்டோம் என்று நினைக்காதீர்கள். பாதி வார்த்தைகளுக்கு அர்த்தமே தெரியாது. ஆனால் யாருடையது என்று தெரியும்.

எங்களுக்கு அடுத்த தட்டி வீட்டில் இருந்தவள் என் சிநேகிதி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பாவை நான் மாமா என்பேன், அம்மாவை அத்தை என்பேன். மாமாவுக்கு மில்லை ஒட்டி, இடித்த கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கிற சயனைடு கொட்டகையில் வேலை. அவர்கள் வீட்டில் கதவுக்குப் பதிலாகக் கோணிதான் தொங்கும். பரண் கிடையாது, பானைக்கு மூடி மண்சட்டி. ஆகவே அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மற்றவர்களிடம் வார்த்தை கேட்கும்போது பதிலுக்குக் கொடுக்க அவளுக்கு இருந்ததெல்லாம் களாக்காய்தான். பாவாடை மடியில் கட்டி வருவாள். நான் காயை வாங்கித் தின்றுவிட்டு, “ஒரே ஒரு நாளைக்குத்தான்” என்று சொல்லி ‘கிளாஸ்கோ’வைக் கொடுப்பேன். என் குணத்துக்கு அந்தக் கறார்த்தனம் அப்போதே வந்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. தட்டி வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி மண்தரை சேறாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அத்தைக்குப் பிரசவம். பையன் பிறந்தான். பச்சைப்பிள்ளையும் தாயும் ஈரத்தில் கிடந்தார்கள். என் அம்மா எங்கள் வீட்டிலிருந்த உலர்ந்த சாக்கையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் அதுவும் நனைந்தது. அத்தைக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டில் ஒரு கட்டில் வந்தது. நாலு சவுக்குக் கால், மேலே மூன்று பலகை. கிடங்குப் பலகை இல்லை அது. சயனைடு வருகிற பெட்டியின் பலகை. அந்தப் பெட்டிகளை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது, சனிக்கிழமை தோறும் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட வேண்டும் என்று உத்தரவு. விஷம் ஒட்டியிருக்கும் என்பது ஒரு காரணம். பலகையைக் குடைந்து உள்ளே பொன்னை வைத்துக் கடத்துவார்கள் என்பது இன்னொரு காரணம். துரைமார்களுக்கு இரண்டாவது காரணம்தான் பெரிது. மாமா மூன்று பலகைகளையும் ஒவ்வொன்றாக, மழைக்குப் போர்த்துகிற கம்பளிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்துப் பத்துத் தண்ணீரில் கழுவினார். வெயில் தலைகாட்டின இரண்டு நாளும் காயவைத்தார். எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே பார்க்கும்படி வைத்து ஆணி அடித்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சிநேகிதி சொன்னாள். சொன்னதோடு காட்டவும் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம், அத்தை பிள்ளையை அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருவரும் மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனோம். முதுகில் சேறு சில்லென்று ஒட்டியது. தட்டியின் ஓட்டை வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. பால் வாடை, பிள்ளைக்குப் போட்ட சாம்பிராணி வாடை, புது ஆணி வாடை. எங்கள் முகத்துக்கு ஒரு சாண் மேலே, கறுப்பாக, ஒரு எழுத்துகூட அழியாமல் அந்த வார்த்தை இருந்தது. ஒன்பது எழுத்து. நான் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேர்த்துப் படித்தேன்.

பொட்டாசியம்.

அவ்வளவு நீளமான வார்த்தையை நான் அதுவரை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல்முதலாக அவளுக்கு ஒரு சொந்த வார்த்தை.

“எங்க வூட்டு வார்த்த,” என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். “ஆனா யார்கிட்டயும் சொல்ல முடியாது. அப்பா சொல்லிக்கீறாரு. தெரிஞ்சா வேல பூடுமாம், வூடும் பூடுமாம். நீயும் சொல்லாதடி.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“எங்க வேதப்புஸ்தகத்து மேல சத்தியம்.”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை போகும், வீடு போகும் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன். எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசு நாள் நடக்கும். எந்தச் சுரங்கம், எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் மில் துரையும் துரைசானியும் வருவதாக இருந்தது. வாத்தியார் ஒரு வாரம் முன்னாலேயே போட்டியைச் சொல்லிவிட்டார்.

“ஆளுக்கு ஒரு இங்கிலீசு வார்த்த சொல்லணும். எழுத்துக் கூட்டியும் சொல்லணும். பாடப்புஸ்தகத்துல இருக்கற வார்த்த செல்லாது. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சொன்னாலும் செல்லாது. எது அபூர்வமான வார்த்தன்னு தொர நெனக்கிறாரோ, அவங்களுக்குத்தான் பரிசு.”

பரிசு என்ன என்பதையும் காட்டினார். மூடியில் நீலக் கடலும் வெள்ளைப் பாய்மரக் கப்பலும் போட்ட ஒரு தகரப்பெட்டி. ஓரத்தில் தங்க நிறக் கோடு. மூடியைத் திறந்தால் உள்ளே நம் முகம் மங்கலாகத் தெரியும். அதுவரை என் கைக்கு வந்த எந்தப் பொருளும் புதிதாக வந்ததில்லை. அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டே ஒரு வாரம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பரிசு நாளுக்கு முதல் நாள் சிநேகிதி மடியில் களாக்காயோடு வந்தாள்.

“உங்க வூட்டு பிஸ்கட்ஸ எனக்குக் குடேன். நாளைக்கு மட்டும்.”

“முடியாது. எனக்கு வேணும்.”

“ஒனக்குத்தான் மூணு கீதே.”

“மூணும் வேணும்.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. களாக்காயை எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். அதையும் நான் தின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பையன்கள் எழுந்தார்கள். முதல் பையனே ‘கேண்டில்ஸ்’ என்றான். அவர்கள் வீட்டிலும் அதே பலகைதான், என்ன செய்ய முடியும். மூன்றாவது பையன் ‘கிளாஸ்கோ’. அப்புறம் ‘டைனமைட்’, ‘கெரசின்’, ‘மெட்ராஸ்’. பெண்களின் முறை வந்தபோது எனக்கு ‘பிஸ்கட்ஸ்’ ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னாலிருந்த பெண் அதையும் சொல்லிவிட்டாள்.

எனக்கு முன்னால் சிநேகிதியின் முறை. எழுந்து நின்றாள். அந்த அறையிலேயே பெரிய வார்த்தை அவளிடம்தான் இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அவள் உதடு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார், “ஒண்ணுகூடவா தெரியாது?” என்றார்.

அடுத்து நான். எழுந்து, துரையைப் பார்த்து, உரக்கச் சொன்னேன். பொட்டாசியம். ஒன்பது எழுத்தையும் ஒன்றுவிடாமல் கூட்டினேன்.

சாய்ந்து உட்கார்ந்திருந்த துரை நிமிர்ந்தார். துரைசானி கையைத் தட்டினாள். அவர் தட்டவில்லை. வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். வாத்தியார் உடனே எனக்குச் சொல்லவில்லை. கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்தார். அவரும் லைனில் குடியிருந்தவர். அந்த வார்த்தை எந்தப் பெட்டியில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இந்த வார்த்தைய எங்க பாத்தேன்னு தொர கேக்கறாரு,” என்றார். பிறகு என் கண்ணை நேராகப் பார்த்து, மெதுவாக, தானே தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். “பெரிய வகுப்புப் புஸ்தகத்துல பாத்திருப்பே, இல்லியா?”

அவர் எனக்கு வழி திறந்து வைத்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் புத்தகத்து வார்த்தை செல்லாது என்று சொன்னவரும் அவர்தான். ஆமாம் என்றால் கப்பல் போட்ட பெட்டி எனக்கில்லை. அந்த ஒரு நொடியில் நான் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். குழப்பத்தில் உளறினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உளறவில்லை.

“இல்ல சார். எங்க பக்கத்து வூட்டுக் கட்டிலுக்கு அடியில கீது,” என்றேன். அதுவும் போதாதென்று, “வந்தா காட்டறேன்,” என்றேன்.

துரைக்கு வேலை வாங்குகிற அளவுக்குத் தமிழ் தெரியும். வாத்தியார் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. துரை எழுந்து துரைசானியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார், குதிரை போகிற சத்தம் கேட்டது. துரைசானி பெட்டியை என் கையில் கொடுத்தாள். என் பெயரைக் கேட்டு ஒரு சிறிய புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபம் முடிகிறவரை யாரும் எழுந்து போக முடியாது. பக்கத்தில் சிநேகிதி நடுங்குகிறது பெஞ்சு வழியாகவே எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஓடி லைனுக்கு வந்தபோது சோதனை ஆரம்பித்துவிட்டது. இரண்டு காவல்காரர்கள் அத்தையைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டிருந்தார்கள். என் அம்மா பச்சைப்பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக் கோடாலியால் பிளந்தார்கள். பலகையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். பலகைக்குள்ளே பலகைதான் இருந்தது. அரிசிப்பானையைக் கவிழ்த்தார்கள். மண்தரையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார்கள், மழைத்தண்ணீர்தான் ஊறியது. துரை குதிரைமேல் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி ஈரத்தில் படுக்கக் கூடாதென்று ஒருவன் பலகை திருடுவான் என்பது அவருக்குப் புரியவே இல்லை. பலகையை ஒளித்தவன் பொன்னையும் ஒளித்திருப்பான் என்றுதான் கடைசிவரை நினைத்தார்.

மாமாவை மில்லிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் மறுக்கவில்லை.

“நான்தான் எடுத்தேன் தொர. ஈரத்துல கெடந்தா. அதான்.”

கழுத்தில் கயிற்றில் தொங்கின பித்தளை நம்பர் வில்லையைக் கழற்றித் தரச் சொன்னார்கள். கொடுத்தார். மறுநாள் காலைச் சங்கு ஊதுவதற்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா ஷிப்டு முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். மாமாவுக்குத் துணையாகக் கொஞ்ச நேரம் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அடி விழுந்திருந்தால் இந்த அறுபது வருஷத்தில் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

காலையில் அவர்கள் கிளம்பினார்கள். பேத்தமங்களாவில் ஏரிக்குப் பக்கம் தன் தங்கை வீட்டுக்காரருக்குக் கூலிவேலை, அங்கே போகிறோம் என்றார் மாமா. ஒரு துணிமூட்டை, ஒரு பானை, வாசலில் தொங்கின கோணி. அதைத்தான் மடித்துப் பச்சைப்பிள்ளைக்குப் போர்த்தியிருந்தார்கள். என் அம்மா அழுதாள்.

“மன்னிச்சிக்கோண்ணே. எம் பொண்ணாலதான் உங்களுக்கு இந்தக் கதி. அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே. கொழந்த. வார்த்தைய பாத்தா, சொல்லிட்டா.”

“அது இன்னா பண்ணும் தங்கச்சி,” என்றார் மாமா. “கேட்டாங்க, சொல்லிச்சி. பாப்பாவ அடிச்சி கிடிச்சி வெக்காத. நல்லாப் படிக்குது, படிக்கட்டும்.” சொல்லிவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

அம்மா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். “சொல்லுடி மாமாகிட்ட. ஒனக்குத் தெரியாதுதானே?”

சிநேகிதி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். நான் செய்த சத்தியம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும்.

“தெரியாது,” என்றேன்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் கொஞ்ச தூரம் போனதும், எதையோ மறந்தவள் மாதிரி அவள் மட்டும் திரும்பி வந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“அந்த வார்த்த இனிமே ஒன்னுது. எங்ககிட்ட கேக்க வேணாம்.”

சொல்லிவிட்டு ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி. பேத்தமங்களா எவ்வளவு தூரம், ஒரு மாட்டுவண்டியில் ஏறினால் போய்விடலாம். ஒரு தடவையும் நான் ஏறவில்லை.

அந்தத் தகரப்பெட்டியை நான் அப்புறம் ஆசையாகத் தொட்டதில்லை. அம்மா அதில் கடுகு போட்டு வைத்தாள். முப்பது வருஷம் தாளிக்கும்போதெல்லாம் அந்தக் கப்பலைத் திறந்து திறந்து மூடினாள். யார் வீட்டுக்கு வந்தாலும், “எம் பொண்ணோட இங்கிலீசுக்குத் தொரசானி குடுத்தது,” என்பாள். நான் அந்த நேரம் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போய்விடுவேன். அம்மா காலமான பிறகு வீடு மாற்றினபோது பெட்டி எங்கேயோ தவறிவிட்டது. தொலைந்தது என்று தெரிந்ததும் மனசு லேசானது. லேசானதை நினைத்து மறுபடி வெட்கப்பட்டேன்.

துரைசானி எழுதிக்கொண்டு போன என் பெயர் வீண்போகவில்லை. மூன்று வருஷம் கழித்து அவள் எழுதின கடிதத்தால்தான் எனக்கு போர்டிங் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்து டீச்சர் டிரெயினிங், பிறகு வேலை. நீங்கள் கைகூப்புகிற டீச்சரம்மா எதிலிருந்து வந்தாள் என்று இப்போது தெரிகிறதா? வகுப்பில் ஆயிரம் வார்த்தைகள் எழுதிப் போட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என் கை கரும்பலகையில் எழுதியதில்லை. பாடத்தில் வந்தால் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வாழைப்பழத்தில்கூட இருக்கிற சத்து அது என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். அவ்வளவு சாதாரணமான ஒன்று.

எனக்கு நாற்பது வயது தாண்டின பிறகு ஒரு நாள், பள்ளி திறக்கிற வாரம், சுரங்க வேலைக்காரர் ஒருவர் எட்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“டீச்சரம்மா, என்னெ உங்களுக்குத் தெரியாது. நான் கைப்பிள்ளயா இருக்கசொல்ல நாங்க உங்க பக்கத்து வூட்ல இருந்தோமாம். எங்க அக்காவும் நீங்களும் ஒரே பெஞ்சாம்.”

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அக்கா பூட்டாங்க, நாலு வருசமாச்சி. சாவறதுக்கு முன்னாடி சொன்னாங்க. புள்ளய இங்கிலீசு படிக்க வெக்கணும்னா அந்தம்மாகிட்ட கொண்டும்போயி வுடு, அவங்களுக்கு வார்த்தைன்னா உசுருன்னு சொன்னாங்க.”

“வேற எதாவது சொன்னாளா?”

“இல்லீங்களே.” அவர் கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா ஏன் இந்த ஊர வுட்டுப் போனாரு, வேல ஏன் போச்சின்னு யாருமே எனக்குச் சொல்லல. அக்காவக் கேட்டாக்க பேச்ச மாத்திடுவாங்க. அப்பா கூலிக்குச் சேத்துல நின்னே செத்தாரு. உங்களுக்கு எதாவது தெரியுமா?”

அப்போது எனக்குப் பெட்டி வேண்டியிருக்கவில்லை. என் மோவாயைப் பிடித்து நிமிர்த்த யாரும் இல்லை. எதிரில் இருந்தவர் கோபத்தோடும் வரவில்லை.

“தெரியாது,” என்றேன்.

“பரவால்ல டீச்சரம்மா,” என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் ஏழு வருஷம் என்னிடம் படித்தாள். நன்றாகப் படித்தாள். அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. டீச்சருக்குச் செல்லப்பிள்ளை என்று மற்றப் பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள்.

இப்போது அவளுடைய அப்பா பென்ஷன் வாங்கி ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் திரை விழுந்துவிட்டது. சாயங்காலமானால் அந்தப் பெண்தான் பேப்பர், பத்திரிகை எல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். இது அச்சாகி வந்தால் இதையும் அவள்தான் வாசிப்பாள். நேரில் போய்ச் சொல்ல இரண்டு தடவை கிளம்பி, ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா, என்னிடம் படித்தவளே, நீ இந்த இடத்துக்கு வந்திருப்பாய். நிறுத்தாதே. அப்பாவுக்குக் கேட்கும்படி வாசி. எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும். அது உங்கள் வீட்டு வார்த்தை. கேட்காமல் எடுத்தது நான்தான்.